முகக்கவசமும் கடைமடையும்

(கும்பகோணத்தில் ஒரு வாசகர் வட்டத்தில் பேசியது. பேச்சு வழக்கைக் கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் 'கொரோனா: அறிவியலும் அறியாமையும்' என்று தலைப்பு போட்டிருக்கிறீர்கள். தலைப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு வருஷமும் சுகாதார ஆய்வாளராகத் தெருவில் நின்றவன் நான். அறிவியல் முழுக்க என் பக்கம் இருந்தது, அறியாமை எனக்கு எதிரே நின்றது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2021 மார்ச். ஏப்ரல் 6-ம் தேதி சட்டமன்றத் தேர்தல். தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிக்கூடங்களில் வரிசையாகத் தொற்று வந்துகொண்டிருந்த நேரம். பேருந்து நிலையத்தில் நானும் ஒரு காவலரும் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கிறோம். மாஸ்க் இல்லையென்றால் 200 ரூபாய், எச்சில் துப்பினால் 500. ஒரு நாளைக்கு இத்தனை ரசீது என்று மேலிருந்து கணக்கு வேறு. கீரைக்கூடையோடு ஓர் ஆயா வந்தார். முந்தானையை மூக்கு வரை இழுத்துச் சுற்றியிருந்தார். வீட்டுத் துணியைக் கட்டிக்கொண்டால் போதும் என்று 2020 ஏப்ரலில் அரசே சொன்னதுதான். அன்றைக்கு எங்கள் கணக்கில் அது செல்லவில்லை. எழுதினேன்.

"ஏந் தம்பி, நேத்து இதே எடத்துல மேடை போட்டுப் பேசுனாங்களே, அத்தன பேருக்கும் எழுதுனியா?" என்றார்.

என்ன பதில் சொல்வது? முடிச்சை அவிழ்த்து, பத்தும் இருபதுமாக எண்ணி 200 ரூபாய் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், கைக்காசைப் போட்டேன் என்றெல்லாம் இந்த மேடையில் கதை சொல்லலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை.

இதற்கு ஒரு வருஷம் முன்னால் போவோம். 2020 மார்ச்சில் ஊர் ஊராகப் போய், இருமல், காய்ச்சல் உள்ளவர்கள் மட்டும் மாஸ்க் போட்டால் போதும் என்று சொன்னவனும் நான்தான். உலக சுகாதார நிறுவனமும் அப்போது அதைத்தான் சொன்னது. இருக்கிற மாஸ்க் மருத்துவமனைக்குப் பற்றாமல் போய்விடுமே என்ற பயம் அதற்கு ஒரு காரணம். நியாயமான பயம். இந்தக் கிருமி காற்றில் பரவுவது அல்ல என்று அதே நிறுவனம் மார்ச் 28-ம் தேதி அடித்துச் சொன்னது. அப்புறம் ஜூன் 5-ம் தேதி, தொற்று பரவும் இடங்களில் பொதுமக்களும் துணி மாஸ்க் போடலாம் என்றது. காற்றில் பரவுவதையும் பிறகு ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது. தெரியத் தெரிய மாற்றிக்கொள்வதுதான் அறிவியல், அதில் தப்பில்லை. போன மாதம் சொன்னது தவறு, இப்போது இன்னது தெரிந்திருக்கிறது என்று டீக்கடை வாசலில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலிலிருந்தே இதைத்தான் சொல்கிறோம் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன். ஊர்க்காரர்களுக்கு ஞாபக சக்தி அதிகம்.

மாஸ்க் சண்டை நம் காலத்தில் பிறந்ததல்ல. இந்தக் கதையில் நமக்கு ஒரு தூரத்து உறவும் உண்டு. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்கு போனவர்களின் வாரிசுகள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள். அந்தப் பினாங்கில் 1879-ல் பிறந்தவர் வூ லியன்-டே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தவர். 1910 கடைசியில் மஞ்சூரியாவில் பிளேக் வந்தபோது, சீன அரசு அவரை ஹார்பின் நகரத்துக்கு அனுப்பியது. இது எலி வழியாக வருகிற பிளேக் இல்லை, நுரையீரலைத் தாக்குவது, மூச்சு வழியாக ஆளுக்கு ஆள் தொற்றுகிறது என்று அவர் சொன்னார். பஞ்சும் வலைத்துணியும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லோரையும் போடச் சொன்னார். மெஸ்னி என்று ஒரு பிரெஞ்சு மருத்துவர் அங்கே வந்தார். வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். இந்தச் சின்னப் பையன், அதுவும் ஒரு சீனன், எனக்குச் சொல்வதா என்று கோபம். மாஸ்க் இல்லாமல் நோயாளிகளைப் பார்த்தார். சில நாட்களில் பிளேக்கிலேயே இறந்துபோனார். அந்த நோயில் மொத்தம் சுமார் 60,000 பேர் செத்தார்கள்.

மெஸ்னி படிக்காதவர் இல்லை, கவனியுங்கள். சொல்கிற ஆள் யார் என்பதில்தான் அவருக்குப் பிரச்சினை. நம் ஊரிலும் பாதிச் சண்டை அப்படித்தான் வந்தது.

சரி, மாஸ்க் பலன் தருமா? டென்மார்க்கில் 2020-ல் சுமார் 6,000 பேரை வைத்து ஆராய்ந்தார்கள். மாஸ்க் போடச் சொல்லிக் கொடுத்த குழுவில் 1.8 சதவீதம் பேருக்குத் தொற்று, மற்ற குழுவில் 2.1. உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 'பார்த்தாயா' என்று எதிர்த்தவர்கள் இதைத்தான் தூக்கிக் காட்டினார்கள். ஆனால் அந்த ஆய்வு பார்த்தது போட்டுக்கொண்டவருக்கு என்ன லாபம் என்பதை மட்டும்தான்.

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஐந்து நிமிஷம் போதும். கல்லணைப் பக்கம், தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடையில் ஒருவர் தன் மதகைக் கொஞ்சம் இறக்கினால் அவருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை, வயலில் தண்ணீர் ஒரு விரற்கடை குறையும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று வேதாரண்யம் பக்கம், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் நாற்றோடு காத்திருப்பவரைக் கேளுங்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் வருஷங்களில் நாம் இதைச் செய்துதானே வந்திருக்கிறோம்? சண்டை வரும், மண்வெட்டி கூட ஓங்கப்படும். ஆனாலும் முறை எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. மாஸ்க்கும் பெரும்பாலும் கடைமடைக்காரருக்காகப் போடுவதுதான். இதை நான் ஒரு கிராமத்தில் கூட இப்படிச் சொன்னதில்லை. துண்டறிக்கையில் இருந்ததைப் படித்தேன்.

வங்கதேசத்தில் சொன்னார்கள். அவர்களும் டெல்டாக்காரர்கள். 600 கிராமங்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ரசீது கிழிக்கவில்லை. மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்களையும் இமாம்களையும் போட்டுக்கொண்டு பேசவைத்தார்கள். எதிரே வருபவரிடம் பொறுமையாக நினைவுபடுத்தினார்கள். 13 சதவீதம் பேர் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தது 42 ஆனது. அறிகுறியோடு வந்த தொற்று சுமார் 9 சதவீதம் குறைந்தது. அறுவை சிகிச்சை மாஸ்க் கொடுத்த ஊர்களில், 60 வயது தாண்டியவர்களுக்கு சுமார் 35 சதவீதம். மந்திரம் இல்லை. ஆனால் நம் ஆயாக்களுக்கு அது சின்ன விஷயமும் இல்லை.

ஊரடங்கு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதற்கே ஒரு தனிக் கூட்டம் வேண்டும். நாகப்பட்டினத்தில் விசைப்படகுகள் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் கரையில் நிற்கின்றன. அதுவும் ஓர் ஊரடங்குதானே? தேதி முன்கூட்டியே தெரியும். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்ற காரணம் தெரியும். நிவாரணம் போதாது என்று சண்டை போடுவார்களே தவிர, தடையே கூடாது என்று நான் அதிகம் கேட்டதில்லை. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்த ஊரடங்கு நள்ளிரவிலேயே அமலுக்கு வந்தது. 21 நாள் என்றார்கள், அப்புறம் மே 3 என்றார்கள், அப்புறமும் நீண்டது. குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய். திருவையாற்றில் வாழைத்தார் மரத்திலேயே பழுத்தது. கல்யாணமும் இல்லை, கோயிலும் இல்லை என்றால் இலையை யார் வாங்குவார்கள்? மே 7-ம் தேதி டாஸ்மாக் திறந்தது. உயர் நீதிமன்றம் மறுநாள் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் தடை கொடுக்க 16-ம் தேதி மறுபடி திறந்தது. பெரிய கோயில்கள் திறக்க செப்டம்பர் ஆனது. (கூட்டத்தில் சிரிப்பு.) இப்போது சிரிக்கிறீர்கள். சாராயக் கடையைத் திறக்கலாம், கோயிலைத் திறக்கக் கூடாதா என்று அன்றைக்கு என் முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

அப்புறம் அந்த 'சமூக இடைவெளி'. ஒரு தெருவில் அதைச் சொன்னபோது ஒரு பெரியவர், "அது எங்களுக்குப் பழகுனதுதான் சார்" என்றார். தனிமனித இடைவெளி என்று அன்றோடு மாற்றிக்கொண்டேன். அதற்குச் சுற்றறிக்கை தேவைப்படவில்லை.

அந்தக் கீரைக்கார ஆயாவைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். மே மாதம் இரண்டாம் அலை, ஊரடங்கு. அவரைக் காணோம். மனசு என்னென்னவோ நினைத்தது. ஆகஸ்ட் வாக்கில் அதே இடத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். நீல மாஸ்க் போட்டிருந்தார். ஆள் வந்து விலை கேட்டால் மட்டும் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பேசினார். "பேச்சு கேக்க மாட்டேங்குதுல்ல தம்பி." அன்றைக்கு என் கையில் ரசீதுப் புத்தகம் இல்லை. முளைக்கீரை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு பக்கத்தில் குந்தினேன். பேசும்போதுதான் வாயிலிருந்து அதிகம் வெளியே வருகிறது, எதிரே நிற்பவர் கடைமடைக்காரர் மாதிரி என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டு, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.