வான்கோழி மேசைக்கு வந்த வழி

அவையோர்க்கு வணக்கம். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமையன்று அமெரிக்கக் குடும்பங்கள் கொண்டாடும் தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1621ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவார்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தில் அறுவடை முடிந்த வேளையில், அம்மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசாய்ட் ஏறத்தாழ 90 பேருடன் வந்து மூன்று நாள் விருந்தில் கலந்துகொண்டார் என்றும், அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்றும் அங்கிருந்த எட்வர்ட் வின்ஸ்லோ தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தில் வான்கோழியின் பெயரே இல்லை; இன்றைய விருந்தில் இடம்பெறும் பூசணிப் ‘பை’ (pie) என்ற இனிப்புப் பண்டமும் இல்லை.

வீடுகளில் இன்று நடக்கும் பண்டிகை அந்த விருந்தைவிட, சாரா ஜோசபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியைக்கே அதிகம் கடன்பட்டது என்பது என் கருத்து. இளவயதிலேயே கணவரை இழந்து, ஐந்து குழந்தைகளை வளர்த்தவர் அவர். 1827இல் வெளிவந்த தம் நாவலில் நன்றி நாள் விருந்தை விரிவாக வர்ணித்து, வறுத்த வான்கோழியை மேசையின் தலைமை இடத்தில் அமர்த்தினார். பின்னர் ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் ஆண்டுக்கணக்கில் விடாமல் கடிதம் எழுதினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 அக்டோபரில், நாடு முழுவதும் ஒரே நாளில் இதைக் கடைப்பிடிக்கும்படி லிங்கன் அறிவித்தார்.

குடும்ப மரபு என்று போற்றப்படுபவற்றின் வயதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பாட்டியின் கைப்பக்குவம் என்று பேரப்பிள்ளைகள் உருகும் பச்சை பீன்ஸ் கேசரோல் என்ற, அடுப்பில் சுட்டெடுக்கும் கூட்டு, 1955இல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையலறையில் டார்கஸ் ரெய்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது. டப்பாவில் வரும் காளான் சூப்பும் பொரித்த வெங்காயமும்தான் அதன் உயிர். பழத்தை வாங்கி வீட்டிலேயே காய்ச்சிய கிரான்பெரித் தொக்கு பக்கத்தில் இருந்தாலும், டப்பாவைக் கவிழ்த்ததும் அதன் வளையத் தடங்கள் பதிந்தபடியே வழுக்கி விழும் ஜெல்லிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. சிறுவர்களுக்கெனத் தனியே போட்ட சின்ன மேசையில் அவர்கள் உண்டு வளர்ந்தது அதைத்தான்.

இந்த நாளின்மீது குடும்பங்களுக்கு இருந்த பிடிப்பு 1939இல் வெளிப்பட்டது. கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று அப்போதைய குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பண்டிகையை ஒரு வாரம் முன்னுக்குக் கொண்டுவந்தார். மாநிலங்கள் இரண்டுபட்டன, வெவ்வேறு மாநிலங்களில் வேலைபார்த்த உறவினர்கள் ஒரே நாளில் விடுமுறை எடுத்து ஒன்றுகூடுவது கடினமாயிற்று. குழப்பம் நீடிக்கவே, 1941இல் நாடாளுமன்றம் நான்காவது வியாழனைச் சட்டமாக்கியது.

வாம்பனோக் மக்களிடம் வேறொரு மரபும் உண்டு. 1970இல், குடியேற்றத்தின் 350ஆம் ஆண்டு விழாவில் பேச அழைக்கப்பட்ட வாம்சட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் தம் மக்கள் இழந்தவற்றை எழுதிக் கொடுத்தபோது, ஏற்பாட்டாளர்கள் அந்த உரையை ஏற்கவில்லை. அவ்வாண்டின் நன்றி நாளன்று பிளிமத்தின் கோல்ஸ் குன்றில் அவரும் பிறரும் தொடங்கிய துக்க நாள் இன்றும் அதே குன்றில் நடக்கிறது. அவருக்குப் பின் மகனும், அடுத்துப் பேத்தியும் அதை முன்னின்று நடத்த வந்தார்கள்.