மெட்டலிலிருந்து மின்சாரத்தைப் பிடுங்கினால்

எல்லோருக்கும் வணக்கம். அண்டர்கிரவுண்ட் மெட்டலில் புதிதாக வந்த ஆல்பங்களைப் பற்றியும், இருண்ட மனநிலை கொண்ட நாட்டுப்புற இசையான டார்க் ஃபோக் ஆல்பங்களைப் பற்றியும் பேசச் சொன்னார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பேச எனக்கு வரவில்லை. காரணம் இதுதான்: ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஒரு மெட்டல் பாட்டைச் சாதாரண கிடாரில் வாசித்தால் அது பாட்டாக நிற்குமா, உதிர்ந்துபோகுமா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் மெட்டலின் ஒரு கிளையான பிளாக் மெட்டல் பக்கம் வரும் புது ஆல்பம் ஒவ்வொன்றையும் கேட்கிறேன். இன்னொரு கிளையான டெத் மெட்டலுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது, அது வேறு கணக்கு. அல்சரேட் மாதிரி ஒரு டெத் மெட்டல் குழுவை இந்தக் கேள்வியால் அளப்பது அநியாயம். ஆனால் காடு, பனி, முன்னோர், மரணம் என்று பாடிக்கொண்டு வருகிறவர்களை இப்படி அளப்பதில் தப்பே இல்லை. நாட்டுப்புற இசையின் சொத்தில் பங்கு கேட்டு வருகிறவர்கள் அவர்கள்தானே?

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளாக் மெட்டல் வேகமான இசை என்று பெயர் வாங்கிவிட்டது. கேட்டுப் பழகியவர்களுக்குத் தெரியும், அது உள்ளுக்குள் மிகவும் மெதுவான இசை. ஒரே தந்தியை மேலும் கீழுமாக விடாமல் மீட்டுகிறார்கள், பின்னால் பிளாஸ்ட் பீட் என்கிற அதிவேக டிரம்ஸ் தாளம் ஓடுகிறது, அந்த வேகம் ஒரு எல்லையைத் தாண்டியதும் தனித்தனி அடிகள் காதில் விழுவது நின்றுபோய் எல்லாம் கரைந்து ஒரே ரீங்காரமாகிவிடுகிறது, அதன் மேல் கார்ட் மட்டும் நிதானமாக மாறுகிறது. தம்புராவின் சுருதி மேல் ராகம் நகர்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமே இல்லை.

ஐரோப்பாவின் பழைய வாத்தியங்களிலும் இதே கதைதான். ஹர்டி-கர்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு சக்கரம் தந்திகளை உரசிக்கொண்டே இருக்கும்; சில தந்திகளில் மெட்டு நடக்கும், மற்ற தந்திகள் ஆதார சுருதியையும் பெரும்பாலும் அதன் பஞ்சமத்தையும் விடாமல் பிடித்திருக்கும். மெட்டல் கிடாரின் பவர் கார்ட் என்பதும் ஆதாரமும் பஞ்சமமும்தான். ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் ஏற்றிய கிடாரில் காந்தாரத்தையும் சேர்த்தால் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பும் என்பதால் பல நேரம் அதை விட்டுவிடுகிறார்கள். ஆக, மெட்டலும் ஃபோக்கும் சேருவதை யாரோ ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்த கலவை மாதிரிப் பேசுவது எனக்கு எப்போதுமே பொருத்தமாகப் படவில்லை. ஒலியின் அடித்தளத்திலேயே இரண்டுக்கும் உறவு இருக்கிறது.

இந்த உறவை வெளிப்படையாகக் காட்டியவர்கள் 90களிலேயே இருந்தார்கள். நார்வேயின் உல்வர் 1996ல் 'க்வெல்ட்சாங்கர்' போட்டபோது அதில் டிஸ்டார்ஷனே கிடையாது. கிடார், செல்லோ, அடுக்கடுக்காகப் பாடிய ஆண் குரல்கள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டே அதே குழு 'நாட்டென்ஸ் மாட்ரிகால்' என்று, காதைக் கிழிக்கிற பிளாக் மெட்டல் ஆல்பம் ஒன்றைப் போட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், மெட்டு கட்டியவர்கள் அவர்களேதான் என்பது தானாகப் பிடிபடும். அமெரிக்காவின் அகலாக் 2002ல் 'தி மேன்டில்' ஆல்பத்தில் ஒரு மானின் மண்டையோட்டையே தாள வாத்தியமாக்கினார்கள். நான் இந்தப் பழைய ஆல்பங்களைக் கும்பிடச் சொல்லவில்லை. அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறேன், அவ்வளவுதான்.

சரி, புதிய ஆல்பங்களுக்கு வருவோம். கடந்த சில ஆண்டுகளில் நான் கேட்டதிலேயே மிக இருண்ட ஆல்பம் எது என்று கேட்டால், அதில் ஒரு மெட்டல் கிடார்கூட இல்லை. டப்ளினின் லங்கம் 2023ல் போட்ட 'ஃபால்ஸ் லங்கம்'. முதல் பாட்டு 'கோ டிக் மை கிரேவ்'. குழுவின் பாடகி ரேடி பீட்டின் குரல் தனியாகத் தொடங்குகிறது, துணைக்கு ஒன்றுமே இல்லை, நெகிழ்வு காட்டாத, கொஞ்சம் மூக்கால் வருகிற, பாறை மாதிரிக் குரல். ஒரு கல்லறை வெட்டு என்று கேட்கிற பழைய வரிகள். அப்புறம் மெல்ல ஒரு தாளம் சேருகிறது, சமமாக, முகம் காட்டாமல், மண்ணில் எதையோ இடிப்பது போல. அதற்கு அடியிலிருந்து ரீங்காரம் எழுகிறது. பாதிப் பாட்டு தாண்டியதும் வரிகள் முடிந்துபோகின்றன, மிச்சமிருக்கிற நிமிடங்கள் முழுக்க அந்த ரீங்காரம் தடித்துக்கொண்டே போகிறது, ஃபிடில் அலறுகிறது, எது குரல் எது வாத்தியம் என்று பிரிக்க முடியாத நிலை வந்துவிடுகிறது. மொத்தம் ஒன்பது நிமிடத்துக்குப் பக்கம். ஹெட்ஃபோனில் கேட்டால் நெஞ்சுக்கூட்டில் ஒரு அழுத்தம் வரும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இந்த ஆல்பம் அந்த ஆண்டு மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது, ஆக அண்டர்கிரவுண்ட் என்று சொல்ல முடியாது. ஆனால் குழுவின் இயன் லின்ச் பிளாக் மெட்டல் கேட்டு ஊறியவர். 2022ல் ஒன் லெக் ஒன் ஐ என்ற பெயரில் அவர் தனியாகப் போட்ட ஆல்பத்தைக் கேட்டால் அந்த ஊற்று எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்: ஐரிஷ் பைப்பும் இரைச்சலும் பழைய பாட்டும் ஒரே சேற்றில் கிடக்கின்றன. லங்கத்தைவிட அதைத்தான் மெட்டல் ரசிகர்கள் முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

நார்வேயின் வார்ட்ருனா குழுவின் 'பிர்னா' 2025 ஜனவரியில் வந்தது. குழுவை நடத்தும் ஐனார் செல்விக் ஒரு காலத்தில் கோர்கொரோத் என்ற பிளாக் மெட்டல் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இந்த ஆல்பம் ஒரு பெண் கரடியைச் சுற்றி நகர்கிறது. நடுவில் 'ட்வாலெட்ரௌமார்' என்று பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரு ட்ராக், குளிர்காலத் தூக்கத்தைப் பற்றியது. நிறையப் பேர் அது இழுக்கிறது என்றார்கள். இழுக்கத்தான் வேண்டும்! கரடி மாதக்கணக்கில் தூங்குகிறது, நாம் கால்மணி நேரம் பொறுக்கக் கூடாதா? மற்ற பாட்டுகளில் வழக்கமான வார்ட்ருனா இருக்கிறது, கொம்பு வாத்தியமும் கோரஸும் மேளமும், அவையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்த ஒரு ட்ராக்கில்தான் அவர் ரசிகர்களைத் திருப்திப்படுத்துவதைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்கிறார். அதைத் தாண்டித் தாண்டிக் கேட்கிறவர்கள் அந்த ஆல்பத்தைக் கேட்கவில்லை என்றே சொல்வேன்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். வார்ட்ருனா வெற்றி பெற்ற பிறகு அதே அச்சில் வருகிற இசை பெருத்துவிட்டது. மேளம், அடித்தொண்டை உறுமல், மூடுபனி படர்ந்த அட்டைப்படம், முகத்தில் கரி. பாட்டு எங்கே என்று தேடினால் கிடைப்பதில்லை. மனநிலையை மட்டும் தயாரித்து விற்பது எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது, ஏனென்றால் நாட்டுப்புற இசை என்பதே மெட்டும் கதையும் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போனதால் பிழைத்த இசை. முணுமுணுக்க ஒரு வரிகூட இல்லாத ஆல்பத்துக்கு ஃபோக் என்று எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

மெட்டல் பக்கத்திலும் இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. ஒன்றரை நிமிடம் அக்கூஸ்டிக் கிடார், கூடவே மழைச் சத்தம், அப்புறம் திடீரென்று அலறல். அந்தக் கிடார் வாசித்த மெட்டு திரும்ப வரவே வராது. அது ஒப்பனை. இதில் ஒலிப்பதிவின் பங்கும் இருக்கிறது. ஆல்பம் முழுக்க ஒரே சத்த அளவுக்கு ஏற்றி மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்தால் தனிக் கிடாரும் மொத்தக் குழுவும் ஒரே பருமனில் கேட்கும், பிறகு அந்த வெடிப்புக்கு என்ன மதிப்பு? ஸ்ட்ரீமிங்கில் இன்னொரு தொல்லை. ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது பாட்டுகளுக்கு இடையே உள்ள சத்த வித்தியாசத்தை ஸ்பாட்டிஃபை அப்படியே விட்டுவைக்கும். பிளேலிஸ்ட்டில் கலந்து போட்டாலோ ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனியாகச் சமப்படுத்தும், அமைதியான ட்ராக் தூக்கப்படும், ஆக்ரோஷமான ட்ராக் இறக்கப்படும். இந்த வகை இசையை ஷஃபிளில் கேட்பவர்களுக்கு, இசைக்கலைஞர் யோசித்து வைத்த ஏற்ற இறக்கம் போய்ச் சேருவதே இல்லை. தயவுசெய்து ஆல்பமாகக் கேளுங்கள்.

இனி எனக்கு மிகவும் நெருக்கமான ஒருவர். பனாப்டிகன் என்ற பெயரில் அமெரிக்காவின் ஆஸ்டின் லன் பெரும்பாலும் தனி ஆளாகவே பதிவு செய்கிறார். 2012ல் அவர் போட்ட 'கென்டக்கி'யைப் பற்றிச் சொல்லாமல் புதியதைப் பேச முடியாது. கென்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வரலாறு அது. பாஞ்ஜோவும் ஃபிடிலும் வாசிக்கிற புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை, அதிலிருந்து நேராக பிளாக் மெட்டல், அதற்குள் சுரங்கத்து மனிதர்கள் பேசும் பதிவுகள். 'விச் சைட் ஆர் யூ ஆன்?' என்ற தொழிற்சங்கப் பாட்டை அவர் அதில் பாடியிருக்கிறார். 1931ல் கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் வேலைநிறுத்தம் நடந்தபோது, சங்க அமைப்பாளரான கணவரைத் தேடி ஷெரிஃபின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்துபோன பிறகு, ஃபுளோரன்ஸ் ரீஸ் சுவரில் இருந்த காலண்டர் தாளைக் கிழித்து எழுதிய பாட்டு அது. பாருங்கள், டார்க் ஃபோக் என்றால் மந்திரமும் மண்டையோடும் மட்டும் என்று யார் சொன்னது? வேலை பறிபோவதைவிட, நுரையீரலில் கரித்தூள் படிவதைவிட இருட்டு ஏது?

அவருடைய 'தி ரைம் ஆஃப் மெமரி' 2023 நவம்பரில் வந்தது. அமைதியான தொடக்கத்துக்குப் பிறகு 'விண்ட்டர்ஸ் கோஸ்ட்' என்ற இருபது நிமிடத்தை ஒட்டிய பாட்டு. குளிர், நினைவு, வயதாவது, சீர்கெட்டுப்போகும் பருவநிலை, எல்லாம் அதில் இருக்கின்றன. ஒலிப்பதிவு கலங்கலாக இருக்கிறது என்று சிலர் குறை சொன்னார்கள், ஓரளவு உண்மைதான், டிரம்ஸ் பல இடங்களில் கிடாரை விழுங்கிவிடுகிறது. ஆனாலும் என் கேள்வியை இதன் முன் வைத்தால் ஒரு நொடிகூடத் தயங்காமல் தேறுகிறது. அந்த இரைச்சலுக்குள் இருக்கிற மெட்டுகளைத் தனிக் கிடாரில் வாசித்தால் அப்படியே நாட்டுப்புறப் பாட்டாக நிற்கும். 2018ல் அவரே இரட்டை ஆல்பம் ஒன்றில் முதல் பாதியை மெட்டலாகவும் இரண்டாம் பாதியை முழுக்க ஃபோக்காகவும் போட்டு இதை நிரூபித்துவிட்டார்.

ஸ்காட்லாந்தின் சயோர் 2025ல் போட்ட 'அமிட்ஸ்ட் தி ரூயின்ஸ்' ஆல்பத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். சயோரை நடத்தும் ஆண்டி மார்ஷலுக்கு மெட்டு கட்டத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு உச்சத்திலும் விசிலும் பைப்பும் வந்து, இங்கே கண் கலங்கு என்று சொல்லிக்கொடுக்கின்றன. அதே ஆல்பத்தில் 'தி சில்வன் எம்பிரேஸ்' என்ற அமைதியான பாட்டில் அந்த அவசரம் இல்லை, எனக்கு அதுதான் ஆல்பத்தின் உயிர். அமெரிக்காவின் பிளாக்பிரெய்ட் என்ற பிளாக் மெட்டல் குழுவின் 2023 ஆல்பத்தில் நேர் எதிரான அனுபவம்: புல்லாங்குழலும் அக்கூஸ்டிக் கிடாரும் நீளமான பாட்டுகளின் உள்ளேயிருந்தே முளைக்கின்றன. லேபிள் தயவு இல்லாமல் தானே வெளியிட்ட ஆல்பம் அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பின்லாந்தின் டென்ஹி 2011க்குப் பிறகு 2023ல்தான் 'வால்காமா'வோடு திரும்பினார்கள். நார்வேயின் வெமோத் 2012க்குப் பிறகு 2024ல் 'தி டீப்பனிங்' போட்டார்கள். இரண்டுமே பன்னிரண்டு வருட இடைவெளி. டென்ஹியில் அந்தத் தாழ்ந்த குரலும் பியானோவும் தாளமும் ஒரு அவசரமும் இல்லாமல் நடக்கின்றன, எந்தப் பாட்டும் தன்னைக் கவனிக்கச் சொல்லிக் கெஞ்சுவதில்லை. வெமோத் பிளாக் மெட்டல்தான், ஆனால் அதே பொறுமை.

இந்த வட்டாரத்தில் அரசியலைப் பேசாமல் நழுவுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, அதனால் நானும் நழுவவில்லை. வட ஐரோப்பாவின் பழைய ரூன் எழுத்துகளை நாஜிகள் எடுத்துத் தங்கள் சீருடையிலும் சின்னங்களிலும் பயன்படுத்தினார்கள், அந்தக் கறை இன்னும் போகவில்லை. பிளாக் மெட்டலிலும், டார்க் ஃபோக்கின் உறவான நியோஃபோக்கிலும் அந்தக் கொள்கையோடு உறவாடுகிற குழுக்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு குழுவின் மண், முன்னோர், ரத்தம் என்ற பேச்சு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். இசை நன்றாக இருக்கிறதே என்ற சமாதானத்தை நான் ஏற்க மாட்டேன். பனாப்டிகன் மாதிரி, பாசிசத்துக்கு எதிராக வெளிப்படையாக நின்றுகொண்டே மண்ணையும் மரபையும் பாடுகிறவர்கள் இருக்கும்போது வேறு வழி இல்லை என்ற சாக்கு எடுபடாது.

காசு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் சொன்ன குழுக்களில் பல, ஓரிரு ஆட்கள் நடத்துபவை. கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப் கைமாறி 2023ல் அங்கே ஊழியர்களில் பாதிப் பேரை அனுப்பிய பிறகும், இவர்களிடம் நேரடியாக வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த எளிய வழி அதுதான். பிடித்திருந்தால் வாங்குங்கள்.

இப்போது 'கோ டிக் மை கிரேவ்' போடப் போகிறோம். முடிகிற வரை யாரும் பேச வேண்டாம். அதற்குப் பிறகு மேடை உங்களுடையது. சயோர் ஆல்பத்தைப் பற்றி நான் சொன்னதற்குப் பதில் சொல்ல முன்வரிசையில் ஒருவர் ஏற்கெனவே கை தூக்கிவிட்டார், முதலில் அவர் பேசட்டும்.