இன்சூரன்ஸ் ஆபீஸ்ல ஒரு கவிஞர்: டெட் கூசர்

(திரையில்: இருட்டு. ஜன்னலோரம் ஒரே ஒரு விளக்கு.)

விடியக்காலை நாலரை மணி. அமெரிக்காவுல, நெப்ராஸ்கா மாநிலம். ஒருத்தர் நோட்டும் பேனாவுமா உட்கார்ந்திருக்கார். விடிஞ்சதும் குளிச்சு, டை கட்டி, இன்சூரன்ஸ் ஆபீஸுக்கு ஓடணும். கவிதைக்கு அவருக்குக் கிடைச்ச நேரம் இவ்வளவுதான். முப்பது வருஷத்துக்கு மேல அந்த வேலையில இருந்தவர்.

பேர் டெட் கூசர். 1939-ல அயோவா மாநிலத்து ஏம்ஸ்ல பிறந்தார். லிங்கன் நகரத்துல ஆயுள் காப்பீட்டு கம்பெனி ஒண்ணுல துணைத் தலைவர் வரைக்கும் போய், 1999-ல ஓய்வு.

காலையில எழுதினதை ஆபீஸ் செகரட்டரிகிட்ட காட்டுவார். அவங்களுக்குப் புரியலையா? வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்துவார். கவிதை புரியலைன்னா நமக்குத்தான் அறிவு பத்தலைன்னு நினைச்சுக்குவோமே, இவர் கணக்கு அப்படியே தலைகீழ்.

(திரையில்: ஆளில்லாத பண்ணை வீடு.)

இவர் கவிதை எப்படி இருக்கும்? 'கைவிடப்பட்ட பண்ணை வீடு'ன்னு ஒண்ணு. அதுல மனுஷங்களே கிடையாது, விட்டுட்டுப் போன சாமான்கள்தான் பேசுது. உடைஞ்ச தட்டுக் குவியல்மேல கிடக்கிற ஷூ, அவன் பெரிய ஆளுன்னு சொல்லுது. கல்லும் பாறையுமா கிடக்கிற வயல், அவனுக்கு விவசாயம் வரலைன்னு சொல்லுது. டிராக்டர் டயர்ல செஞ்ச மணல் தொட்டி, ஒரு குழந்தை இருந்துச்சுங்குது. ஜன்னல் இடுக்குல திணிச்ச கந்தல், குளிர்காலம் கடுமைங்குது. என்னமோ தப்பா நடந்திருக்கு. என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டார். எனக்கு இவர் கவிதையில ரொம்பப் பிடிச்சது இதுதான்.

1998-ல வாயில புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சைக்கு அப்புறம் உடம்புல வெயில் படக்கூடாதுன்னுட்டாங்க. அதனால சூரியன் வர்றதுக்கு முன்னாடியே நடக்கப் போவார். எழுதுறதையே விட்டிருந்தவர், அந்த நவம்பர்ல ஒருநாள் நடந்துட்டு வந்து ஒரு கவிதை எழுதிப் பார்த்தார். அப்புறம் அப்படி எழுதினதையெல்லாம் தபால் அட்டையில ஒட்டி, எழுத்தாளர் நண்பர் ஜிம் ஹாரிசனுக்கு அனுப்பினார். ஒவ்வொண்ணுக்கும் மேல தேதி, அன்னிக்கு வானிலை. அதுல நூறு அட்டை 2000-ல புத்தகமாச்சு.

பெரிய பதவி, விருதெல்லாம் அப்புறம்தான். 2004-ல அமெரிக்காவோட அரசவைக் கவிஞர், அதாவது நாட்டோட அதிகாரபூர்வக் கவிஞர். நெப்ராஸ்கா இருக்கிற, நடு அமெரிக்காவோட பெருஞ்சமவெளிப் பகுதியிலிருந்து அந்த இடத்துக்கு வந்த முதல் ஆள். 2005-ல 'டிலைட்ஸ் அண்ட் ஷேடோஸ்' தொகுப்புக்குப் புலிட்சர் பரிசு. பதவியில இருந்தப்போ செஞ்ச வேலைதான் முக்கியம். வாரம் ஒரு கவிதை, கூடவே சில வரி அறிமுகம். பத்திரிகைகள் காசில்லாம போட்டுக்கலாம். அதுல அவர் போட்டது மத்தவங்க கவிதைகளை.

(திரையில்: ரெண்டு தபால் அட்டைகள்.)

2003-ல ஹாரிசனும் இவரும் குறுங்கவிதைகளைச் சேர்த்து 'ப்ரெய்டட் க்ரீக்'னு ஒரு புத்தகம் போட்டாங்க. அட்டையில ரெண்டு பேர் பேரும் இருக்கு. உள்ளே எந்தக் கவிதை யார் எழுதினதுன்னு எங்கேயும் போடலை.