மூன்று மணிக்கு வந்து சேர்ந்த ஓடை

வணக்கம். உயரமான மலை வழியே தனியாக பைக் ஓட்டியவன் என்று தெரிந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "பயமாக இல்லையா?" என்றுதான். இருட்டு, விலங்கு, ஆளில்லாத வழி எல்லாவற்றையும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், என்னை அதிகம் மிரட்டியது கைக்கடிகாரம்.

பனிப்பாறை உருகி வரும் ஓடைகளுக்கு ஒரு குணம் உண்டு. இரவுக் குளிரில் மேலே உருகுவது குறைந்துவிடும். அதனால் விடியும்போது ஓடை மெலிந்து கிடக்கும். வெயில் ஏறியதும் பனி உருகத் தொடங்கும். அந்த நீர் கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். ஆகவே நண்பகல் தாண்டி மாலைக்குள்தான் வெள்ளம் உச்சத்துக்கு வரும். எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஒருநாள் மூன்று மணிக்குத்தான் ஓடைக்கரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தாமதத்துக்குக் காரணம் முந்தைய நாள் நான் காட்டிய அவசரம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், இரவு படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பார்கள். கால்நடையாக ஏறுகிறவருக்கு அது எளிது, உடம்பே நிறுத்திவிடும். பைக்கில் வலதுகையைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், ஒரே பகலில் ஆயிரம் மீட்டர் ஏறிவிடலாம். நானும் ஏறினேன். தஜிகிஸ்தானில் பாமீர் நெடுஞ்சாலையின் அக்-பைத்தால் கணவாய் 4,655 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அந்த மாதிரி உயரத்தில் வண்டியும் மூச்சு வாங்கும், ஓட்டுகிறவனும் மூச்சு வாங்குவான். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் மிகுந்துபோய் இன்ஜின் திணறும்.

காலையில் எழுந்தால் தலை பிளக்கிறது, வேகமாக உயரம் ஏறினால் வரும் மலைநோய். கூட ஆள் இருந்தால் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். தனியாக இருப்பவன் தானே சோதித்துக்கொள்ள வேண்டும். குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடந்து பார்த்தேன். தள்ளாடியிருந்தால் அப்போதே கீழே இறங்கியிருக்க வேண்டும். தள்ளாடவில்லை. வலி குறையட்டும் என்று காத்திருந்து, கிளம்பும்போது பத்தரை மணி.

ஓடை பழுப்பாக ஓடியது. அடியில் கற்கள் உருண்டு மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் இறங்கக்கூடாது. நான் இறங்கினேன்.

பாதி தூரத்தில் முன்சக்கரம் ஓர் உருண்டைக் கல்லில் வழுக்கியது. வண்டி வலப்பக்கமாகச் சாய்ந்தது. கை தானாகப் போய் இன்ஜினை அணைத்தது, நல்லவேளை. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப்போல அமுங்காது. ஓடிக்கொண்டிருந்தால் பிஸ்டன் அதில் முட்டி, அதைத் தாங்கும் ராடு வளைந்துவிடும்.

சாமானோடு 200 கிலோவுக்கு மேல். தனியாகத் தூக்க ஒரு வழி இருக்கிறது. கியரில் போட்டுவிட்டு, சைடு ஸ்டாண்டை முதலிலேயே விரித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் நிமிர்ந்த வண்டி அந்தப் பக்கம் போய் விழும். பிறகு சீட்டுக்கு முதுகைக் காட்டி, இடுப்பை அதில் அழுத்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறுகையால் பின்பக்கக் கம்பியையும் பிடித்து, பின்னோக்கிச் சிறு சிறு அடியாக வைக்க வேண்டும். தூக்குவது தொடைகள், முதுகை வளைத்தால் தீர்ந்தது. நான்காவது முயற்சியில் எழுந்தது. கிளம்பிய கரைக்கே திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தேன்.

அவசர அழைப்புக் கருவி ஒன்று இருந்தது, அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும். எங்கே இருந்தது என்கிறீர்கள்? வண்டிப் பையில். வண்டி அடித்துக்கொண்டு போயிருந்தால் அதுவும் கூடவே போயிருக்கும். அன்றிலிருந்து சட்டைப் பையில்தான் வைக்கிறேன்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினேன். துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. தண்ணீர் வருவது நிற்கும்வரை அழுத்தி, பிளக்கைத் துடைத்து மாட்டினேன். ஐந்தாறு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. அப்புறம் அதையும் அணைத்துவிட்டு, மேட்டில் கூடாரம் போட்டேன். தண்ணீரின் ஓரத்தில் ஒரு கல்லை அடையாளம் வைத்தேன். ஆறு மணிக்கு அந்தக் கல் மூழ்கியிருந்தது.

விடிந்து பார்த்தால் அந்தக் கல் காய்ந்து கிடந்தது, அதற்கு நாலு முழம் தள்ளி ஓடையின் ஓரம். தெளிந்த தண்ணீர், நேற்று என்னைச் சாய்த்த கல்கூடத் தெரிந்தது. காலணி விறைத்துப்போய்க் கால் நுழையவில்லை. மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் சூடாக்கினேன். முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், அந்தக் கல்லுக்கு இடப்பக்கமாகப் போனேன். அக்கரை சேர்ந்தபோது ஐந்தே முக்கால். கணுக்கால்வரைகூட நனையவில்லை.