ஏழே ஆண்டில் கூரை விழுந்தது: பழைய கோவா அகுஸ்தினார் மடத்து ஆலயம்

அவையோருக்கு வணக்கம்.

பழைய கோவாவுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் சவேரியாரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துக் குன்றுக்கும் ஏறிப் பாருங்கள். மோந்தே சாந்தோ என்று அதற்குப் பெயர். உச்சியில் 46 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று பாதி உடைந்து நிற்கிறது. ஆலயத்தின் நான்கு கோபுரங்களில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அகுஸ்தினார் துறவியர் கோவாவுக்கு வந்தது 1572-இல். அருள் அன்னையின் பெயரால் இந்த ஆலயத்தை 1602-இல் கட்டி முடித்தார்கள். உள்ளே எட்டுச் சிற்றாலயங்கள். ஒட்டியே மடம், துறவியர் அறைகள், கூடிப் பேசும் மண்டபம். 1835-இல் போர்ச்சுகீசிய அரசு துறவு சபைகளை வெளியேற்றியதும் மடம் காலியானது. 1842-இல் கூரை விழுந்துவிட்டது. போருமில்லை, நிலநடுக்கமுமில்லை. இருநூறு ஆண்டுக்கு மேல் நின்ற கூரைக்கு ஏழே மழைக்காலத்தில் என்ன வந்தது?

விடை கல்லில் இருக்கிறது. கட்டடம் முழுக்கச் செம்புரைக்கல். மலையாளிகள் வெட்டுக்கல் என்பார்களே, அதேதான். மண்ணுக்குள் இருக்கும்போது மெத்தென்று வெட்டலாம், காற்றுப்பட்டால் இறுகும். ஆனால் உடம்பெல்லாம் துளை, துளைக்குள் களிமண். மழை நேரே பட்டால் களிமண் கரைந்து ஓடிவிடும், இரும்புச்சத்துள்ள கூடு மட்டும் தேன்கூடு மாதிரி மிஞ்சும். அதனால்தான் மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, மழைக்காலம் முடிந்ததும் வெள்ளையடிப்பார்கள். அது அழகுக்கல்ல, கல்லுக்குத் தோல். சவேரியாரின் உடல் இருக்கும் போம் ஜேசு ஆலயத்தின் வெளிப்பூச்சை 1950-களில் உரித்தார்கள். பழமை தெரியட்டும் என்ற ஆசை! இன்று அந்தச் சுவர் குழிகுழியாக அரித்திருப்பதைக் கையால் தடவிப் பார்க்கலாம்.

அகுஸ்தினார் ஆலயத்துக்குக் கூடுதல் ஆபத்து, அதன் கூரை கல் வளைவு. மரக்கூரையின் பாரம் பெரும்பாலும் நேர்கீழாக இறங்கும். வளைவோ இரு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சிற்றாலயங்களின் குறுக்குச் சுவர்கள்தான் அந்தத் தள்ளலைத் தாங்க வேண்டும். ஆள் இல்லாத கட்டடத்தில் முதலில் அடைபடுவது மழைநீர்த் தாரை. தேங்கிய நீர் வளைவின் தோளில் இறங்கும், மூட்டுச் சாந்து கரையும். பறவை எச்சத்தில் வந்த ஆல், அரசு விதை அந்த இடுக்கில் வேர்விடும். சுவர் துளி விலகினாலும் வளைவின் உச்சி விரியும். அதற்குப் பிறகு பழுது பார்க்க வழியில்லை.

செடியைக் கண்டால் இழுத்துப் பிடுங்காதீர்கள், வேரோடு கல்லும் வரும். அடியோடு வெட்டி, வேரைப் பட்டுப்போகச் செய்து, இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். சிமெண்ட் கூடவே கூடாது. உள்ளே புகுந்த ஈரத்தை அது வெளியே விடாது. சிமெண்ட் நிற்கும், பின்னால் இருக்கும் கல் உதிரும்.

கோபுரத்து மணி தப்பியது. அகுவாதா கலங்கரை விளக்கத்தில் சில காலம் இருந்து, 1871-இல் பணஜி மாதா கோயிலுக்குப் போனது. இன்றும் அங்கே ஒலிக்கிறது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன.

இடிபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1624-இல் கொன்ற ஜார்ஜிய அரசி கெத்தேவானின் எலும்புகளை அகுஸ்தினார் இங்கே கொண்டுவந்திருந்தார்கள். மண்டபத்தில் எந்தச் சன்னலருகே வைத்தார்கள் என்று போர்ச்சுகீசியக் குறிப்பு சொல்லியது. ஆனால் சன்னல் இருந்த சுவரே விழுந்துவிட்டதே! தொல்லியல் துறையினர் அடித்தளத்தைத் தோண்டி, மடத்தின் அமைப்பை மீட்டெடுத்துத்தான் இடத்தைக் கணித்தார்கள். கிடைத்த எலும்பை ஐதராபாத் உயிரணு ஆய்வு மையம் மரபணுச் சோதனை செய்தது. 2021-இல் இந்தியா அதை ஜார்ஜியாவுக்கே கொடுத்துவிட்டது.

போகிறவர்கள் கோபுரத்தை மட்டும் படமெடுத்துத் திரும்பாமல், தரையோடு தெரியும் குறுக்குச் சுவர்களை எண்ணிப் பாருங்கள். வளைவைத் தாங்கியவை அவைதான்.