ரசத்தை டம்ளரில் ஊற்றுங்கள்: எடை குறைய நம் வீட்டுச் சாப்பாட்டிலேயே செய்யக்கூடியவை

[திரையில்: எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் ஒரு தையல் டேப்]

வணக்கம். எடை பார்க்கும் மெஷினைத் தேட வேண்டாம். வீட்டில் தையல் டேப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றை உள்ளே இழுக்காமல், மூச்சை இயல்பாக விட்டபடி, இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். இந்தியர்களுக்குச் சொல்லப்படும் வரம்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டியிருந்தால் வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். நம் ஊரில் இப்படிப் பலரைப் பார்க்கலாம். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வு 2023இல் வெளிவந்தது. பெரியவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 40 பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். அதனால் இன்றைக்குப் பேசப்போவது அழகுக்காக இளைப்பதைப் பற்றி இல்லை.

[திரையில்: தட்டில் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல்]

மதியச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். முதலில் சாம்பார் சோறு. அப்புறம் ரசத்துக்குக் கொஞ்சம் சோறு. கடைசியில் மோருக்கு இன்னும் கொஞ்சம். மூன்று சுற்றுக்கும் தொட்டுக்கொள்ள அந்த ஒரு கரண்டி பொரியல்தான். 'நான் கொஞ்சமாகத்தானே சாப்பிடுகிறேன்' என்று நாம் உண்மையாகவே நம்புவோம். ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். ஆனால் 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரி இருக்கிறது. மூன்று சுற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள், அளவு புரிந்துவிடும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி உணவுக்கு ஒரு நாள் கணக்கு இருக்கிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து சமைக்காத அளவில் 250 கிராம். காய்கறி, கீரை 400 கிராம். பருப்பு, முட்டை, மீன், இறைச்சி சேர்த்து 85 கிராம். தானியத்தைவிடக் காய் அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் தட்டில் இது அப்படியே தலைகீழாக இருக்கிறது.

சோற்றை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பிறந்ததிலிருந்து சாப்பிட்டதை ஒரே நாளில் நிறுத்தினால் 10 நாள் தாக்குப்பிடிக்கும், 11வது நாள் இரட்டிப்பாகத் திரும்பிவரும். சுற்றுகளை மட்டும் மாற்றுவோம். உட்கார்ந்ததும் முதலில் பொரியலும் கூட்டும், தட்டில் பாதிக்கு. அவரைக்காயோ புடலங்காயோ, அன்றைக்கு மார்க்கெட்டில் எது மலிவோ அது போதும். அதில் பாதியைச் சாப்பிட்டபிறகு சோறு, கெட்டியான பருப்பு விட்ட சாம்பாரோடு ஒரே சுற்று. ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுங்கள். ருசி எதுவும் குறையாது, இரண்டு சுற்றுச் சோறு குறைந்துவிடும். காயும் பருப்பும் முதலில் உள்ளே போவதால் ரத்தத்தில் சர்க்கரையும் மெதுவாக ஏறும்.

சாயங்கால மிக்சருக்குப் பதில் சுண்டல். 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கும். வேகவைத்த கொண்டைக்கடலை அதே அளவுக்கு 160 சொச்சம், பசியும் தாங்கும்.

[திரையில்: டபராவில் காபி, பக்கத்தில் சர்க்கரை டப்பா]

காபி கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 30 கிராம். ஒரு மாதத்துக்கு 900 கிராம், ஒரே ஆளுக்கு! ஒரேயடியாக நிறுத்தினால் காபியே பிடிக்காமல் போகும். இந்த வாரம் ஒன்றரை ஸ்பூன், இரண்டு வாரம் கழித்து ஒன்று. நாக்கு பழகிக்கொள்ளும். எண்ணெயை பாட்டிலிலிருந்து நேராகக் கடாயில் ஊற்றாமல் ஸ்பூனால் அளந்து விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது.

[திரையில்: விடியற்காலைத் தெரு, நடப்பவர்கள்]

இப்போது நடைக்கு வருவோம். வேகமாக அரை மணிநேரம் நடந்தால் சுமார் 70 கிலோ எடையுள்ளவருக்கு 150 கலோரி வரை செலவாகும். திரும்பும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் சாப்பிட்டால் அது ஈடாகிவிடும். எடை குறைவதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குத்தான். அப்படியானால் எதற்கு நடக்க வேண்டும்? சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களை உணவைத் திருத்தி, தினமும் நடக்கச் செய்தார்கள். அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. எடை பெரிதாக இறங்காமலேயே இது நடந்தது. மெஷினில் முள் அசையவில்லை என்று நடப்பதை நிறுத்திவிட்டவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது. தினமும் 10,000 காலடி நடக்க வேண்டும் என்பது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். அதை எட்ட முடியவில்லையே என்று கலங்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடியில் 15 நிமிடம் நடப்பதும் கணக்கில் சேரும். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, 10 முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது, 10 முறை. எடை குறையும்போது தசையும் கரையும், அதைத் தடுக்கத்தான் இது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டபிறகே சாப்பாட்டையும் நடையையும் மாற்றுங்கள்.

இதெல்லாம் பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? லண்டனில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 250 நாளுக்கும் மேல். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் தெரிந்தது. தீபாவளி அன்று பலகாரம் சாப்பிடுங்கள், மறுநாள் வழக்கம்போல நடங்கள்.

[திரையில்: அடுக்களை, இரவு]

நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைத்தது இதுதான். பல வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அம்மா கடைசியில்தான் சாப்பிடுகிறார். பொரியல் அதற்குள் தீர்ந்திருக்கும். சோறும் கொஞ்சம் குழம்பும் மிஞ்சியிருக்கும். வீணாக்கக் கூடாது என்று அதையும் சேர்த்துச் சாப்பிடுவார். 'டயட் இரு' என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. நாம் உட்காருவதற்கு முன்பே அவருக்கான காயைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். முடிந்தால் எல்லோரும் சேர்ந்தே சாப்பிடுங்கள். நடக்க அவருக்கு நேரம் இல்லை என்பது சாக்கு இல்லை, உண்மை. அந்த அரை மணிநேரம் பாத்திரம் கழுவுவது யார், தோசைக்கு மாவு அரைப்பது யார் என்று இன்று இரவே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.