அலமாரிக்குள் நடக்க எத்தனை முழம்?

நேயர்களுக்கு வணக்கம். தச்சுப் பட்டறை ஒன்றில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான். மரம் அறுக்கிற வேலை இல்லை. வீடு வீடாகப் போய் அளவெடுத்து, அலமாரிக்குப் படம் வரைந்து கொடுக்கிற வேலை. சிங்கப்பூரில் தெம்பனிஸ், ஈசூன், ஜூரோங், பொங்கோல் என்று நான் ஏறி இறங்காத புளோக் குறைவு. இப்போது ஓய்வு. ஆனாலும் சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால்கூட கை தானாக டேப்பைத் தேடும்.

சாவி வாங்கிய கையோடு இளம் தம்பதிகள் கூப்பிடுவார்கள். கைபேசியில் ஒரு படம் காட்டுவார்கள். இரண்டு பக்கமும் அலமாரி, நடுவில் கம்பளம், மேலே சரவிளக்கு, உட்கார்ந்து செருப்பு மாட்ட ஒரு மெத்தை முக்காலி. "அங்கிள், இந்த மாதிரி வாக்-இன் வார்ட்ரோப் வேணும். எவ்வளவு பெரிசா வைக்கலாம்?" என்பார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். திருப்பிக் கேட்பேன். "உங்ககிட்ட எத்தனை சட்டை இருக்கு?" ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அறை எத்தனை சதுர அடி என்று தெரியும். மாதத் தவணை காசு சுத்தமாகத் தெரியும். சட்டை எத்தனை என்று மட்டும் தெரியாது.

நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். அறையை அளப்பதற்கு முன்னால் துணியை அளக்க வேண்டும். இதையே நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வானொலியில் படம் போட்டுக் காட்ட வழியில்லை. அதனால் கையை நீட்டுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் வேண்டாம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம். ஆளுக்கு ஆள் மாறினாலும் சுமார் 45 சென்டிமீட்டர் இருக்கும். பூக்கடையில் அளக்கிற முழம் வேறு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்! சட்டை மாட்டுகிற ஹேங்கரின் அகலமும் ஏறக்குறைய அந்த ஒரு முழம்தான். சட்டையின் தோளும் கையும் அதைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அலமாரியின் ஆழம் 60 சென்டிமீட்டர் என்று தச்சர்கள் வைத்திருப்பது இதனால்தான். இழுக்கும் கதவு போட்டால் அதன் தண்டவாளத்துக்காக இன்னும் ஐந்தோ பத்தோ கூடும்.

அடுத்தது நடக்கிற பாதை. ஒருவர் நின்று, குனிந்து, இழுப்பறையைத் திறக்க 90 சென்டிமீட்டர், அதாவது இரண்டு முழம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அலமாரி என்றால் 60ம் 90ம் 150. இரண்டு பக்கமும் என்றால் 60, 90, மறுபடி 60. ஆக 210.

இந்த 210ஐ மட்டும் மனதில் வையுங்கள். வீட்டில் நாலு முழ வேட்டி இருக்குமே, பெயர் நாலு முழம் என்றாலும் கடையில் விற்கிற வேட்டியின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதை அறையின் குறுக்கே சுவருக்குச் சுவர் விரித்துப் பாருங்கள். வேட்டி முடிந்த பிறகும் அரைச் சாண் தரை தெரிந்தால் இரண்டு பக்க அலமாரியைப் பற்றிப் பேசலாம். வேட்டி சுவரில் முட்டி மடிந்தால், அந்த ஆசையையும் அதோடு சேர்த்து மடித்து வைத்துவிடலாம்.

இந்த வேட்டி அளவு என் கண்டுபிடிப்பு இல்லை. ஈசூனில் ஒரு பெரியவரிடம் கற்றது. கதை கொஞ்சம் நீளம்தான், ஆனால் அதைச் சொல்லாமல் எனக்கு இந்த விஷயத்தைப் பேச வராது.

நாலறை வீடு. மகன், மருமகள், மகனுடைய அப்பா. மாஸ்டர் பெட்ரூமுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருக்கிற சுவரை உடைத்து, பக்கத்து அறையை முழுசாகத் துணிக்கே கொடுத்துவிடுவது என்று மகனும் மருமகளும் முடிவு செய்திருந்தார்கள். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அறை. நான் போய் டேப்பை இழுத்தால் பாதியில் சிக்கிக்கொண்டது. பழைய டேப். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் சமையலறைப் பக்கம் போனார். ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த மூங்கில் கழியை உள்ளே இழுத்து, காய்ந்த வேட்டியை உருவி என் கையில் கொடுத்தார். "நாலு முழம் தம்பி. இதை வச்சு அளங்க." அளந்தேன்.

வேட்டியைக் கொடுத்தவர் கழியைக் கீழே வைக்கவில்லை. "சுவரை அளந்தாச்சு. துணியை யாரு அளக்கிறது?" என்றார். சாப்பாட்டு மேசை நாற்காலி இரண்டை எதிரெதிரே போட்டு, அவற்றின் முதுகில் கழியைப் படுக்க வைத்தார். மருமகளைப் பார்த்து, "எல்லாத்தையும் கொண்டு வாம்மா" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. வெளியாள் ஒருவன் நிற்கும்போது துணிமணியைக் கொண்டுவந்து கொட்டு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் கொண்டுவந்தார்.

மாட்டினோம். நெருக்கியடித்து இல்லை, கையை நுழைத்து எடுக்கிற அளவுக்கு இடம் விட்டு மாட்டினோம். கழி நிறைந்ததும் வேட்டியைப் பிடித்து அளப்பது, இறக்குவது, அடுத்ததை மாட்டுவது. ஒரு தடவை பாரம் தாங்காமல் நாற்காலி சாய்ந்து அவ்வளவு பஞ்சாபி சூட்டும் என் மேல் விழுந்தது. அப்போதுதான் மருமகள் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்த பிறகு அவரே, "இதை நான் போடுறதே இல்லை, இதையும் போடுறதில்லை" என்று தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார். சலவைக் கடை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத துணி இருந்தது.

மிச்சம் இருந்தது மொத்தம் மூன்றரை மீட்டர். ஒரு முழு அறையைக் கேட்ட துணி மூன்றரை மீட்டர்க் கம்பியில் முடிந்துவிட்டது. அதிலும் சட்டை, டி-சட்டை, மடித்து மாட்டுகிற காற்சட்டை மாதிரிக் குட்டையானது 2.4 மீட்டர். குட்டைத் துணி தொங்க ஒரு மீட்டர் உயரம் போதும். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீட்டில் கூரை 2.6 மீட்டர் உயரம், அதனால் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு கம்பி போடலாம். 2.4 பாதியாகி 1.2 ஆகிவிட்டது. நீளமான துணிக்கு 1.1. சேர்த்தால் 2.3. மடித்து வைக்கிற சேலைக்கும் சில்லறைத் துணிக்கும் 60 சென்டிமீட்டரில் ஒரு தட்டு வரிசை. ஆக 2.9. மாஸ்டர் பெட்ரூம் சுவர் மூன்று மீட்டர்.

சுவர் உடைபடவில்லை. வரவேண்டிய பெரிய வேலை கைவிட்டுப் போனதற்கு முதலாளியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. வீட்டுக்குப் போகிற பேருந்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தப் பக்கத்து அறையில் ஓர் ஒற்றைக் கட்டிலும், சாமி படமும், மருந்து டப்பாவும் இருந்தன. அளவெடுப்பதற்காகக் கட்டிலை நகர்த்தியவனே நான்தான்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். 90 சதுர மீட்டர் நாலறை வீட்டை மறுவிற்பனையில் 600,000 வெள்ளிக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் 6,600 வெள்ளிக்கு மேல் வருகிறது. இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு பக்க அலமாரி அறை கட்டினால், நடுவில் இருக்கிற பாதை மட்டும் 1.8 சதுர மீட்டர். 12,000 வெள்ளி. துணி வைக்க இல்லை, துணிக்கு முன்னால் நிற்க! சாதாரண அலமாரிக்கு முன்னாலும் நிற்க இடம் வேண்டும்தானே என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் படுக்கையறையில் அதே இடத்தில் நடக்கிறோம், துணி மடிக்கிறோம், பிள்ளை உருண்டு விளையாடுகிறது. வாக்-இன் பாதைக்கு நம்மை நிற்க வைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அதற்காக வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கணவனுக்குக் காலை ஷிஃப்ட், மனைவி மருத்துவமனையில் இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்குகிறார் என்றால், விளக்கைப் போட்டு உடை மாற்றத் தனி இடம் பெரிய உதவி. அப்படிப்பட்டவர்களுக்கு நான் சுவரை உடைக்கச் சொல்வதில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஆளுயர அலமாரியையே தடுப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் பாதை விடச் சொல்வேன். மெத்தை நீளம் 190, கால்மாட்டில் நடக்க 70, அலமாரியும் பாதையும் 150. கூட்டினால் 410. அறையின் நீளம் அந்த 410க்கும் குறைவு என்றால் இந்த யோசனையும் சரிவராது.

சுவரை உடைத்தே தீருவேன் என்றால் வீவக அனுமதி வேண்டும், கட்டடத்தைத் தாங்குகிற சுவரில் கை வைக்கவே முடியாது. இன்னும் சிலர் பாம் ஷெல்டரைக் காட்டி, "அங்கிள், இதை வாக்-இன் ஆக்கிடலாமா?" என்பார்கள். 1990களின் இறுதியிலிருந்து கட்டிய வீடுகளில் இருக்கிற, குண்டுவீச்சு வந்தால் ஒதுங்குவதற்கான அந்தக் கனத்த கதவு போட்ட அறைதான். சுவரை உடைக்கக்கூடாது, கதவைக் கழற்றக்கூடாது. தனியாக நிற்கிற தட்டு வைத்துப் பெட்டி படுக்கை போடுங்கள், போதும்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று நினைக்காதீர்கள், என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர்தானே என்று என் வாக்-இன் அலமாரியில் பாதையை 65 சென்டிமீட்டரில் விட்டேன். இழுப்பறை திறந்தால் 45 வெளியே வருகிறது. மிச்சம் 20. என் வயிறு மட்டுமே அதைவிட அதிகம். அதனால் தினமும் காலையில், "ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க, நான் ட்ராயரைத் திறக்கணும்" என்று என் மனைவி சொல்வதும், நான் கையில் ஒரு காலுறையோடு வெளியே வருவதும் வழக்கமாகிவிட்டது. ஒன்பது வருடமாக நடக்கிறது. இரண்டு கம்பிகள் சேருகிற மூலையையும் நான் கணக்குப் பார்க்கவில்லை. அந்த 60க்கு 60 மூலையில் மாட்டியிருக்கும் என் கல்யாணக் கோட்டு அங்கேயே இருக்கிறது, எடுக்க முடியவில்லை.

அடுத்து ஈரம். நம் ஊரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ஜன்னல் இல்லாத துணி அறை எவ்வளவு பெரிசோ அவ்வளவு பூஞ்சை. குளியலறைச் சுவரோடு ஒட்டி அலமாரி வைத்தால் முதுகுப் பலகையில் முதலில் வரும். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள். கால்சியம் குளோரைடு போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பாவை வைத்தால் மட்டும் போதாது, நிறைந்த தண்ணீரைக் கொட்டவும் வேண்டும். நான் பார்த்த வீடுகளில் பாதி டப்பா தளும்பிக்கொண்டுதான் இருக்கும். பட்டுச் சேலையை வருடக்கணக்கில் ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், ஜரிகைக் கனத்தில் மடிப்பு விட்டுப்போகும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றி வையுங்கள். பட்டு தட்டில் மடிந்து கிடக்கும்போது உங்களுக்கு நீளக் கம்பி இன்னும் குறையும். துணியை முதலில் அளங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்துத் தம்பி இரண்டு விரல் காட்டுகிறார். விளக்கைப் பற்றியும், ஆளுயரக் கண்ணாடியை எங்கே வைப்பது என்பதைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வந்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், மஞ்சள் வெளிச்சத்தில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத் தெரியும், வெள்ளை விளக்கு போடுங்கள். கண்ணாடியை அந்தக் குறுகலான பாதையில் வைக்காதீர்கள், பின்னால் நகர்ந்து பார்க்க இடம் இருக்காது. பிள்ளைகள் துணியைப் பற்றிப் பேச நேரமே இல்லை.

ஒன்றே ஒன்று. இந்தச் சனிக்கிழமை கழியில் துணியை மாட்டி அளக்கிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே நீட்டி அளக்காதீர்கள். வீட்டுக்குள்ளே, இரண்டு நாற்காலிக்கு நடுவில். நாற்காலியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். வணக்கம்.